எலுமிச்சம்பழத்தை மிதிக்காத லாரி

“பொஸ்தகத்தப் பாத்து யாருனாச்சும் புள்ள பெத்துக்கினாங்களாம்மா?”

கோவிந்தசாமி மேஸ்திரி இப்படிக் கேட்டபோது நான் லாரியின் மட்கார்டு மேல் உட்கார்ந்து, மடியில் கையேட்டை விரித்து வைத்திருந்தேன். இஞ்சினை முதல் முறை ஓட்டுமுன் பார்க்க வேண்டியவை என்று அதில் பதினோரு வரிகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கீழே என் அண்ணன் ஏழுமலை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து “ஆங்” என்றான்.

மேஸ்திரி ஜி.என்.டி. ரோட்டோரம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். முப்பது வருஷமாக இஞ்சின் பிரித்த கை. எங்களை வேடிக்கை பார்ப்பதற்கென்றே அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு வயல்வரை வந்திருந்தார்.

“பெத்துக்கல மேஸ்திரி. ஆனா உங்க ஊட்ல மூணாவதுக்கு ஓடிப்போயி ஒரு நர்ஸம்மாவ இட்டுக்கினு வந்தீங்களே, அவங்க பொஸ்தகம் படிச்சவங்கதான?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். “வாய்க்கி ஒண்ணும் கொறச்சல் இல்ல. வண்டி பேசட்டும், பாக்கலாம்.”

அது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. அம்மா பெரியபாளையத்து அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த குங்குமத்தை ரேடியேட்டரில் வைத்தாள். கதம்ப மாலை ஒன்றைக் குறுக்கே கட்டினாள். பிறகு நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். வண்டி முன்னால் நகர்ந்து அவற்றை நசுக்கவேண்டும். நசுங்கினால் திருஷ்டி கழிந்தது, வண்டிக்கு உயிர் வந்தது என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம். பாட்டரியிலிருந்து வரும் புளித்த வாடையும் கற்பூரப் புகையும் கலந்து என் மூக்கில் ஏறியது இப்போதும் நினைவிருக்கிறது.

அந்த லாரி அன்று தன் காலால் நடந்து ரோட்டுக்குப் போயாக வேண்டும். திங்கட்கிழமை காலையில் அந்த நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி மூடப்போகிறது. அதற்குள் வெளியே போகாத எதுவும் எங்களுடையது இல்லை.

கோழி அடைந்த வண்டி

போன வாரம் இந்தத் தொடரில் நான் “எங்கள் லாரி” என்று எழுதியதைப் பார்த்து, அவ்வளவு வசதியான குடும்பமா என்று பொன்னேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. எங்களுக்கு இருந்தது ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சையும் ஒரு ஜோடி மாடும். லாரி தானாக வந்து சேர்ந்தது.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி அது. மூக்கு நீளம். முன்கண்ணாடி இரண்டாகப் பிளந்திருக்கும். செங்கல் ஏற்றிவந்த ஒரு காண்டிராக்டர், எங்கள் வயலோரம் இஞ்சின் வெடித்து நின்றதும், “நாளைக்கி ஆள இட்டுக்கினு வரேன், பாத்துக்க நைனா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஊரைப் போல நாங்களும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. நான் பத்தாம் வகுப்புக்கு வந்தும் அவருடைய நாளை வரவில்லை. அவர் காலமான பிறகு அவருடைய மகன் வந்து, வண்டியின் புத்தகத்தை நைனாவின் கையில் கொடுத்து, “அந்தச் சனியன நீங்களே வச்சிக்கங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதுவரை அது கோழிகளின் வண்டி. டிரைவர் சீட்டில் முட்டையிட்டன. ஸ்டியரிங்கில் வரிசையாக அடைந்தன.

அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. என்னைப் படிக்க வைப்பதற்காக மாடு மேய்த்தவன். எண்ணூரில் அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தபோது அங்கே கூலியாகச் சேர்ந்து, கண் பார்த்துக் கை பழகி ஃபிட்டர் ஆனான். விடிந்ததும் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, அத்திப்பட்டு தாண்டிப் போவான். வாரத்தில் ஆறு நாள் பிறத்தியாருடைய இரும்பு. ஏழாவது நாள் அவனுக்கென்று ஓர் இரும்பு வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிகளை விரட்டிவிட்டு, உப்புத்தாளால் கதவைத் தேய்க்க ஆரம்பித்தான்.

துருவுக்கு அடியிலிருந்து பச்சைப் பெயிண்ட் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கும் வீட்டில் உட்கார முடியவில்லை.

லாரி வைத்துப் பிழைக்கலாம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். “அப்பறம் இன்னாத்துக்குடி இந்தப் பேஜாரு?” என்று அம்மா கேட்பாள். செத்துக் கிடப்பது ஓடவேண்டும், அவ்வளவுதான். ஓடியதும் என்ன செய்வது என்பது பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

நான் கேட்ட விண்ணப்பம்

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. பிற்பாடு அதற்குக் கொடுத்த விலையை இந்த அத்தியாயத்திலேயே சொல்லப்போகிறேன்.

பள்ளி இறுதி தேறியதும் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போய், மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். குமாஸ்தா வாங்கிப் படித்தார். என்னை ஏறிட்டார். மறுபடி படித்தார்.

“பச்சையம்மாங்கறது யாரு? தம்பி பேருக்குப் பதிலா எழுதிட்டியா?”

“நான்தாங்க.”

அவர் திட்டவில்லை. சிரிக்கக்கூட இல்லை. “தையல் கீது, டைப் கீது, பாத்துக்கம்மா” என்றார். என் விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் தம் டீ டம்ளரை வைத்துக்கொண்டார். வட்டமாக ஈரம் ஊறுவதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

டைப் படித்தேன். இந்தத் தொடரை ஒவ்வொரு வாரமும் தட்டச்சு செய்து அனுப்புவது அந்தக் குமாஸ்தாவின் புண்ணியத்தில்தான்.

ஆகவே அந்த லாரிதான் எனக்குப் பள்ளிக்கூடம். மூர்மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலிலிருந்து ஒரு டீசல் இஞ்சின் கையேட்டைப் பிடித்தேன். அட்டை இல்லை. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து, அண்ணனுக்குச் சொல்லுவேன். அவனுக்குக் கை தெரியும், எனக்கு எழுத்து தெரியும். இரண்டும் சேர்ந்து ஒரு மெக்கானிக். நாலு ஞாயிற்றுக்கிழமையில் கியர் பாக்ஸைப் பிரித்துச் சேர்த்தோம். ஆறு மாதத்தில் பிரேக். மண்ணெண்ணெய் நாற்றம் என் நகக்கண்ணை விட்டுப் போகவே இல்லை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் என் கையிலிருந்து காப்பியை வாங்கி, மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தது.

நான் உரக்கப் படித்த காகிதம்

இஞ்சின் மட்டும் பாக்கி இருந்தபோது அந்த நோட்டீஸ் வந்தது.

தொழிற்பேட்டைக்காகச் சுற்றுவட்டாரத்தில் நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நைனா காகிதத்தை என் கையில் கொடுத்து, “இன்னா போட்டுக்கீறான், படி பச்சம்மா” என்றார். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். நான் உரக்கப் படித்தேன். சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை. எங்கள் நஞ்சை.

படித்து முடித்ததும் நைனா, “நல்லாப் படிக்கிற” என்றார். அத்தனை பேர் வயிற்றைக் கட்டி என்னைப் படிக்க வைத்ததற்கு, வீட்டில் நான் முதன்முதலாகப் படித்துக் காட்டிய சர்க்கார் காகிதம் அதுதான்.

நிலத்துக்கு நாங்கள் அழுது தீர்த்தாயிற்று. லாரியை விடுவதாக இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குச் சில நாள் முன்னால் வேலி காண்டிராக்டரின் ஆள், “திங்கக்கெழம மூடிடுவோம், அதுக்குள்ள உங்க தட்டுமுட்ட எடுத்துக்கங்க” என்று சொல்லியிருந்தான். தட்டுமுட்டு என்றது லாரியை.

படிக்கத் தெரிந்த இஞ்சின்

பழைய பெட்ரோல் இஞ்சினுக்கு உடம்பிலேயே விரிசல். ஊரெல்லாம் பழைய பெட்ரோல் லாரிகளில் டீசல் இஞ்சினைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எண்ணூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்குக்குப் போனோம். யாரோ ஒரு பெரிய மோட்டார் படகை உடைத்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து எடுத்த இரண்டு இஞ்சின்கள் மணலில் அருகருகே கிடந்தன.

அண்ணன் இரண்டாவதன் சக்கரத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினான். அது பாதி சுற்றித் திமிறி நின்றது. “இதுல அமுக்கம் நல்லா கீது பச்ச. இத்த எடுத்துக்கலாம்.”

நான் முதலாவதன் முன் குந்தியிருந்தேன். அதில் ஒரு பித்தளைத் தகடு. எண்ணெயைத் துடைத்ததும் எழுத்துகள் பளிச்சென்று வந்தன. மாதிரியின் பெயர், எண், குதிரைச் சக்தி எல்லாம் என் கையேட்டில் உள்ளபடியே. இரண்டாவதன் தகடு உப்புக்காற்றில் அரித்து மொட்டையாக இருந்தது.

“அண்ணா, இதுல எல்லாம் எழுதிக்கீது. அதுல ஒண்ணும் இல்ல. எது இன்னான்னு தெரியாம எப்டி எடுக்கறது?”

“எழுத்தா ஓடப்போவுது? கைக்கி அது நல்லா கீதும்மே.”

“தெரிஞ்சத எடுக்கலாம் அண்ணா. நான் சொல்றேன்.”

கிடங்குக்காரர் எங்களைப் பார்த்து, “இன்னாத்துக்கு சண்ட? ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைங்கதான்” என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு அந்தத் துருப்பிடித்த சக்கரத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, “சரி, படிச்சவ சொல்ற” என்றான்.

இப்படித்தான் நான் எனக்குப் படிக்கத் தெரிந்த இஞ்சினை எடுத்தேன்.

அதன்பின் ஐந்து மாதம். இஞ்சினையும் பழைய கியர் பாக்ஸையும் பொருத்த ஒரு நடுத்தகடு வேண்டும். பதினாறு துளைகளையும் அட்டையில் வெட்டி, நூல் பிடித்து அளந்து, ஆறு முறை சரிபார்த்துக் கொடுத்தேன். அண்ணன் இரும்பில் அறுத்தான். ஒரு துளைகூடப் பிசகவில்லை. இஞ்சினின் வெளிச்சுவரைச் சுரண்டும்போது வார்ப்பிலேயே ஒரு சின்ன அம்புக்குறி இருந்ததைப் பார்த்தேன். வார்த்தவர்கள் போட்ட அடையாளம் என்று நினைத்தேன். அதன்மேலும் சாம்பல் பெயிண்ட் அடித்தேன்.

லாரியில் ஏற்றுமுன் தரையில் நிறுத்தி ஓட்டியும் பார்த்தோம். பிடித்துக்கொண்டது. அண்ணன் புகையின் நிறத்தைப் பார்த்தான். நான் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று இருவரும் பார்க்கவில்லை. சுற்றுகிறதே என்ற சந்தோஷத்தில் எந்தப் பக்கம் என்று யார் கேட்பார்கள்?

மாலை பறந்தது

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

பதினோராவது வரியையும் படித்து முடித்தேன். கையேட்டை மூடிக்கொண்டு கீழே இறங்கினேன். அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட்டரை அழுத்தினான். இரண்டு இருமல். மூன்றாவதில் வயல் முழுக்க அதிர்ந்தது. வாய்க்கால் கரையிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. ஜனங்கள் கை தட்டினார்கள். நைனா தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அது அவர் கோயிலில் மட்டும் செய்வது.

ரேடியேட்டரில் கட்டிய மாலை எழும்பி முன்பக்கமாகப் படபடவென்று பறந்தது. “ஆத்தா வந்துட்டாடி!” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். லாரியின் காற்றாடி வெளிக்காற்றை உள்ளே இழுக்கவேண்டியது. மாலை உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும், வெளியே பறக்கக்கூடாது. இஞ்சின் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தது. அத்தனை பேரில் மேஸ்திரி ஒருவர்தான் முகத்தைச் சுளித்தார்.

அண்ணன் முதல் கியரைப் போட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். கிளட்சை விட்டான்.

லாரி பின்னால் போனது.

எலுமிச்சம்பழங்கள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அவற்றை விட்டு லாரி விலகி விலகிப் போயிற்று. பின்னால் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். முன்னால் போகும் என்று நினைத்து அண்ணன் ஆக்ஸிலேட்டரை மிதித்திருந்தான். பிரேக் பிடிப்பதற்குள் பின்சக்கரங்கள் வாய்க்கால் கரையின் சேற்றில் இறங்கி நின்றன. யாருக்கும் அடியில்லை. அந்த ஒன்றுக்காக இன்றும் கும்பிடுகிறேன்.

“ரிவர்ஸுல போட்டுட்டியாடா?” என்று நைனா கத்தினார்.

“இல்ல நைனா, பஸ்ட்டுலதான் கீது. பஸ்ட்டுலதான் கீது!”

மேஸ்திரி குனிந்து இஞ்சினின் முன்பக்கத்தைப் பார்த்தார். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“ஏயுமல, இது மோட்டார் போட்டு இஞ்சின்தான? ரெண்டு இருந்திச்சா?”

“ரெண்டு இருந்திச்சு மேஸ்திரி.”

“நான் ஆர்பர்ல கப்பல் வேலையில ரெண்டு வருசம் இருந்தவன்டா. ஜோடி இஞ்சின் வச்ச போட்டுல ரெண்டும் ஒரே பக்கம் சுத்துனா போட்டு ஒருக்களிச்சி இயுக்கும். அதுக்காவ ஒண்ண இப்டிக்கா, ஒண்ண அப்டிக்கா சுத்த வுடுவான். லாரிக்கி ஆவறது ஒண்ணுதான். நீங்க ஆவாதத இட்டுக்கினு வந்துட்டீங்க. எவன்டா பொறுக்குனது?”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. “நான்தான் மேஸ்திரி” என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பின்னால் வாய்க்கால்

எல்லாம் தலைகீழ் என்றால் ரிவர்ஸ் கியரில் போட்டால் முன்னால் வருமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. அண்ணன் ரிவர்ஸில் போட்டு மெல்லக் கிளட்சை விட்டான். லாரி நடுங்கி, சேற்றிலிருந்து ஒரு முழம் முன்னால் ஏறியது. பிறகு கியர் பாக்ஸுக்குள் கல் உடைவதுபோல் சத்தம் கேட்டது. ரிவர்ஸ் பல் கொஞ்ச தூரம் பின்வாங்குவதற்கு வைத்தது. சேற்றிலிருந்து ஒரு லாரியை இழுக்க அதற்குத் தெம்பில்லை. பற்கள் உதிர்ந்துபோயின.

ஆக, லாரிக்கு இப்போது பின்னால் போக மட்டும் நான்கு கியர். பின்னால் இருந்தது வாய்க்கால். ரோடு முன்னால் இருந்தது.

எங்கள் ஒரு ஜோடி போதாது, இன்னும் மாடு கட்டி இழுக்கலாம் என்று நைனா நாலு வீடு ஏறி இறங்கினார். “எலுமிச்சம்பயத்தப் பாத்து பின்வாங்குன வண்டிக்கி எம் மாட்டக் கட்டமாட்டேன், நைனா. பொண்டு புள்ள கீது எனக்கு” என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எலுமிச்சம்பழம் நசுங்காததைக் கண்ணால் பார்த்தவர்கள்.

சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழம காலீல நாஷ்டாவுக்கு முன்ன கேஸ் கட்டர் ஆளுங்கள இட்டுக்கினு வரேன். வெட்டி ஏத்திட்டா, உருக்கற எடத்துல வாங்கிக்குவான். வேலிக்காரன் கைக்கிப் போறதுக்கு நம்ம கைக்கி வரட்டுமே. இன்னா சொல்ற நைனா?”

நைனா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தான். “வெட்டிக்கங்க” என்றான்.

மேஸ்திரி எழுந்து போகும்போது என் பக்கத்தில் நின்றார். “காலீல கேட்டத மனசுல வச்சிக்காதம்மா. பதினாறு தொளையும் ஒயுங்கா கீது. என் பட்டறையில ஒருத்தன் இப்டி போடமாட்டான்.”

அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அண்ணன் வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. நான் அந்தக் கையேட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கிழித்துப் போடத்தான் போனேன். கிழிக்க முடியவில்லை, வெறும் காகிதத்தின்மேல் கோபப்படுவதற்கும் எனக்கு யோக்யதை இல்லை என்று தோன்றியது. சுற்றும் திசையைக் காட்டிய அம்புக்குறியின்மேல் பெயிண்ட் அடித்தவள் நான். அந்தத் துருப்பிடித்த சக்கரத்தை அவன் தட்டிக்கொடுத்தானே, அந்தக் கை மட்டும் கண்முன் நின்றது. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காதது ஒன்று உண்டு. எழுதாத இடத்தில் என்ன இருக்கிறது என்று எப்படிப் படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை

ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு வரத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வயலுக்குப் போனேன். இரண்டு நாள் வெயிலில் சேறு கொஞ்சம் இறுகியிருந்தது. வேலிக் கம்பங்கள் மூன்று பக்கமும் நட்டாகிவிட்டது. நாலாம் பக்கத்துக்குக் கம்பிச் சுருள் வந்து கிடந்தது. எலுமிச்சம்பழங்களை எறும்பு மொய்த்திருந்தது.

ஒரு ஸ்பானர் லாரிக்கு அடியில் கிடந்தது. எடுக்கப் படுத்து ஊர்ந்தேன். எழுந்து வரப் பிடிக்கவில்லை. அங்கேயே மல்லாந்து கிடந்தேன். முகத்துக்கு நேரே பின் அச்சு.

அந்த அச்சை நானும் அண்ணனும் இரண்டு வருஷத்துக்கு முன் பிரித்துச் சேர்த்திருக்கிறோம். நடுவில் வயிறு மாதிரி ஒரு உருண்டை. இஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையில் சின்னப் பல்சக்கரம். அதன் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு பெரிய பல்சக்கரம். சின்னது சுற்றினால் பெரியது உருளும், பெரியது உருண்டால் லாரியின் சக்கரங்கள் உருளும்.

இடப்பக்கம்.

பெரியது வலப்பக்கம் இருந்தால்?

எழுந்து வந்து, ஸ்பானர் முனையால் தரையில் வரைந்தேன். சின்னது அதே பக்கம் சுற்றட்டும். பெரியதை மறுபக்கம் வைத்தால் அது எதிர்ப்பக்கமாக உருளும். பெரியதை மறுபக்கம் கொண்டுபோக அச்சைப் பிரிக்கக்கூட வேண்டாம். முழு அச்சையும் கழற்றி, இடமுனை வலப்பக்கம் வரும்படி முதுகு வயிறாகப் புரட்டி மாட்டினால் போதும். ஸ்பிரிங் உட்காரும் தட்டுகள் தனியாக இருந்தன. மேல்பக்கம் எதுவானாலும் உட்காரும். ஐந்து முறை அழித்து வரைந்தேன். ஐந்து முறையும் லாரி முன்னால் போனது. கையேட்டில் இது இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான்.

“அண்ணா. பின் அச்சக் கவுத்துப் போட்டா முன்னால போவும்.”

அவன் திரும்பவில்லை. சுவரிடமே சொன்னான். “எண்ண ஊத்தற தொள கீழ வந்துடும்.”

“அடச்சிட்டு மேல வேற தொள போடலாம்.”

“பிரேக் பைப்பு எட்டாது.”

“பிரேக் வேணாம். நாலு பர்லாங்கு. ரோட்டுக்குப் போனா போதும்.”

அவன் விரல் பாயில் ஏதோ கோடு இழுத்தது. என் மனம் பறந்தது. அவன் கணக்குப் போடுகிறான், எழுந்துவிடுவான் என்று நினைத்தேன்.

“இதுவும் தப்பா இருந்தா, பச்ச?”

போன தடவை பதில் தெரிந்து சொன்னவள் நான்.

“வுடும்மே. ஒரு தபா அத்தினி பேரு முன்ன நின்னுட்டேன். இன்னொரு தபா என்னால ஆவாது.” பாயில் முகத்தை அழுத்திக்கொண்டான்.

அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கடப்பாரையையும் ஜாக்கியையும் எடுப்பதைப் பார்த்தாள். “ஆத்தாவே வேணாம்னு பின்வாங்கிட்டா. நீ யாருடி குறுக்க நிக்க?” என்றாள். அவள் குரலில் கோபமில்லை. மிகவும் களைத்திருந்தாள்.

வயலில் யாரும் இல்லை. பனங்கட்டையைச் சேற்றில் போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்து ஏற்றினேன். கட்டை அமிழ்ந்தது. இன்னொரு கட்டை. அதுவும் அமிழ்ந்து நின்றது. பின்பக்கம் ஒரு சாண் எழும்பியதும் செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தேன். கூடூர் பாசஞ்சர் ஊதிக்கொண்டு போயிற்று. பின்சக்கரங்களைக் கழற்றி உருட்டிவிட்டேன். தண்டை அவிழ்த்து, மண் படாமல் என் பழைய தாவணியில் சுற்றி வைத்தேன். ஸ்பிரிங்கோடு அச்சைக் கட்டியிருந்த எட்டு நட்டுகள். ஆறு சுலபமாக வந்தன. அண்ணன் எண்ணெய் போட்டு மாட்டியவை. ஏழாவதில் ஸ்பானர் நழுவி, என் விரல் எலும்பில் பட்டது. எட்டாவதை ஸ்பானரின்மேல் ஏறி நின்று அவிழ்த்தேன்.

அச்சு சொத்தென்று சேற்றில் விழுந்தது.

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நேற்றுவரை அந்த லாரி பின்னாலாவது போகும். யாராவது மனம் மாறி மாடு கொண்டுவந்தால் முன்னாலும் வரும். இப்போது எந்தப் பக்கமும் போகாது. அச்சைப் புரட்ட நான்கு ஆண்பிள்ளைகள் வேண்டும். நான்கு பேர் வருவார்கள் என்று நம்பி நான் கழற்றவில்லை. கழற்றாமல் விட்டிருந்தால் அது வெட்டுவதற்காக நிறுத்திய லாரி. இப்போது அது வேலை பாதியில் நிற்கும் லாரி. எனக்கு அந்த வித்தியாசம் ஒன்றுதான் மிச்சம்.

கடப்பாரையை அச்சின் ஒரு முனைக்கு அடியில் கொடுத்து, என் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டேன். ஒரு விரற்கடை எழும்பியது. கை வழுக்கியதும் மறுபடி உட்கார்ந்தது.

ஒரு செங்கல்லை எடுத்துக் காலால் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டேன். மறுபடி பாரம் போட்டேன். எழும்பிய இடைவெளியில் செங்கல்லை உதைத்துத் தள்ளினேன். அடுத்த செங்கல்லை எடுக்கக் குனிந்தேன்.